உலகம்மன் கொடுத்த வெள்ளைப் பூ

தில்லைநாயகத்துக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று அம்பாசமுத்திரத்தில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நன்றாக ஓட்டுவார். ஏறத்தான் தெரியாது. ஆள் குள்ளம், சைக்கிளோ அவருடைய அப்பா வாங்கிப்போட்ட பெரிய சைக்கிள். பெடலில் ஒரு காலை வைத்து உந்தி மறுகாலை வீசிப் போடும் வித்தை அவருக்குப் பத்து வயதிலும் வரவில்லை, நாற்பத்தாறு வயதிலும் வரவில்லை. வீட்டு வாசற்படியில் நின்று ஏறுவார். ஏறினால் அவர் வேலை பார்க்கும் போஸ்ட்டாபீஸின் கொடிக்கம்பத்து மேடையில்தான் இறக்கம். நடுவழியில் யாராவது நிறுத்திப் பேசிவிட்டால் போச்சு, அடுத்த மைல்கல்லோ பாலத்துச் சுவரோ வரும் வரைக்கும் உருட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பயந்து, தெரிந்தவர்களைக் கண்டால் மணியை அடித்துத் தலையை ஆட்டிவிட்டுப் பறந்துவிடுவார். "பிள்ளைவாளுக்குக் கர்வத்தப் பாத்தியளா" என்று ஊரில் பேச்சு. கர்வமாவது ஒண்ணாவது, பாவம்!

மனசும் அந்தச் சைக்கிள் மாதிரிதான். எதற்கும் ஏற ஒரு கல் வேண்டும். மகள் மீனுவை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று மைத்துனர் சொன்னார். இவர் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தார். வீட்டுக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது என்று அடிக்க வந்தவனே சொன்னான். அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அந்தத் தொல்லைகூட இல்லை. அந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்த்துவிடுவாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் வைத்து, பட்டர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் 'சரி'. சிவப்பு வந்தால் 'வேண்டாம்'. தில்லைநாயகத்தின் கல்யாணமே அப்படி முடிவானதுதான். பெண் பார்த்த கையோடு இரண்டு வீட்டாரும் பாபநாசம் உலகம்மன் சந்நிதிக்குப் போனார்கள். வெள்ளை வந்தது. "உத்தரவாயிட்டு! அம்மன் உத்தரவாயிட்டு!" என்று அம்மா போட்ட கூப்பாட்டில் பிரகாரத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். பெண்ணுக்கும் பெயர் உலகம்மாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? வெள்ளைப் பூ கொடுத்த மருமகள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்குநேரிக்காரியான அந்த மருமகள் அதைக் கேட்கும்போதெல்லாம் வாயைத் திறக்கமாட்டாள்.

அப்படிப்பட்ட மனுஷருக்குத் தொண்ணூற்று நாலாம் வருஷம் மாசி மாதம் ஒரு புதன்கிழமை உத்தரவு வந்தது. அம்மனிடமிருந்து அல்ல, மேலாபீஸிலிருந்து. தருமபுரிப் பக்கம் ஓர் ஊருக்குப் போஸ்ட்மாஸ்டராகப் பதவி உயர்வு. சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்துக் கவுண்ட்டர் தாஜ் முகம்மது முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "யோகம்தான் வே உமக்கு! போறீரா?"

"அதான் தெரியல."

"வேண்டாம்னா 'குடும்பச் சூழ்நிலை காரணமாக'ன்னு ஒரு வரி எழுதிக் குடும். எல்லாரும் அதத்தான் எழுதுதாவ. வீட்டுக்காரி மேல பழியப் போட்டுட்டு இங்கன காலாட்டிக்கிட்டு இருக்கலாம்."

தில்லைநாயகத்துக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அதற்கு வீட்டுக்காரி 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே!

உலகம்மாள் சொல்லவில்லை. கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றாள். வியாழக்கிழமை சாப்பிடும்போது இன்னொரு தரம் கேட்டார். ரசத்தை ஊற்றிக்கொண்டே "உங்க இஷ்டம்" என்றாள். இருபது வருஷமாக அவள் சொல்லிவரும் பதில் அதுதான். அதில் 'ஆமாம்' எது, 'இல்லை' எது என்று கண்டுபிடிக்க மனுஷருக்கு இன்றுவரைக்கும் வழி தெரியவில்லை.

இவள் ஒன்றும் விவரம் புரியாத மண்ணாந்தையாக இருக்கிற பெண்பிள்ளை அல்ல. முந்தின வருஷம் அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது, பீடி சுற்றும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனாள். போன இடத்தில் முப்பத்தெட்டு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு வந்தாள். முழங்காலில் இரண்டு தழும்போடு வந்து நின்று, "ஓட்டிட்டேன்" என்றாள். இப்போது சாயங்காலம் ஸ்கூல் மைதானத்தில் மற்ற பெண்களுக்கு அவள்தான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறாள். ஊரே 'டீச்சர்' என்று கூப்பிடுகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு வர மனசு வருமா என்று ஒரு பக்கம் யோசித்தார். இதெல்லாம் போதும், வேறு ஊர் பார்ப்போம் என்று நினைப்பாளோ என்று மறுபக்கம் யோசித்தார். தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்தப் பழக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

"பேசாமப் பூக்கட்டிப் பாத்துருவோமாட்டி?" என்றார்.

உலகம்மாள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "சரி. ஞாயித்துக்கிழம பாபநாசத்துக்கே போவோம். சைக்கிள்ல."

"சைக்கிள்லயா? பஸ்ஸுதான் பத்து நிமிசத்துக்கு ஒண்ணு போவுதே."

"பஸ்ல போனா வழியில ஒண்ணையும் பாக்க முடியாது. கோயில் முடிஞ்சதும் அருவிக்கு நடந்து மேல போவோம். சோறு கட்டிக்கிடுதேன்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இருவரும் சேர்ந்து போனதெல்லாம் கல்யாண வீடு, சாவு விழுந்த துஷ்டி வீடு, ஆஸ்பத்திரி. சும்மா ஊர் சுற்ற என்று ஒருநாளும் படி இறங்கியதில்லை. இவளுக்குத் திடீரென்று என்ன வந்தது? தருமபுரிக்குப் போகிறோம் என்று முடிவு பண்ணிவிட்டு, கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறாளோ?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாவா சைக்கிள் கடையில் வாடகைக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் எடுத்தாள். கடை வாசலில் பாவாவின் தங்கை ஆபிதா பீவி நின்றாள். உலகம்மாளிடம் புதிதாகச் சைக்கிள் கற்றுக்கொள்கிறவள். இன்னும் வளைவு வந்தால் அலறிக் குதித்துவிடுவாள்.

"டீச்சர், தருமபுரிக்குப் போறியளாமே? நீங்க போயிட்டா எனக்கு யாரு பின்னால பிடிப்பா?"

"அத அவியளத்தான் கேக்கணும்" என்று கணவர் பக்கம் கையைக் காட்டிவிட்டு உலகம்மாள் சைக்கிளில் ஏறிவிட்டாள். ஆபிதா பீவி அவரைப் பார்த்தாள். தில்லைநாயகம் அவசரமாகக் கடைப்படியில் நின்று ஏறி மிதித்தார்.

மாசி மாதத்துக் காலைநேரம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது. நேர் எதிரே மலை, நீலமாக, ஒரு துண்டு மேகம் இல்லாமல். கால்வாய் ரோட்டோடு கூடவே வந்தது. உலகம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகியிருந்தாள். கேரியரில் சோற்றுத் தூக்கு, ஹேண்டில்பாரில் பூப் பொட்டலங்கள் வைத்த மஞ்சள் பை. அவள் முதுகை இத்தனை நேரம் தொடர்ந்து பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. எத்தனை நிமிர்வு!

"என்ன, பைய வாரிய? மிதிங்க!" என்று திரும்பிப் பார்க்காமலே சத்தம் கொடுத்தாள்.

மிதித்தார். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. ஒரு இறக்கத்தில் இரண்டு சைக்கிளும் சேர்ந்தாற்போல் ஓடின. அவள் காரணமே இல்லாமல் மணியை அடித்தாள். அவரும் அடித்தார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர், யாரும் குறுக்கே வராத ரோட்டில் இதுகள் எதற்கு மணி அடிக்கின்றன என்று பார்த்தார். தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆகா, நன்றாகத்தான் இருக்கிறது, இதை ஏன் இத்தனை நாள் செய்யவில்லை!

அந்த நேரம் பார்த்து அவள், "தருமபுரில ஆறு உண்டா?" என்று கேட்டாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. "ஒகேனக்கல்ல காவேரி இருக்கு. அது தூரம்னு சொல்லுதாவ."

"ம்."

அந்த 'ம்' சரியா, வேண்டாமா? ஆறு தூரம் என்றதால் வேண்டாம் என்கிறாளா? காவேரி இருக்கிறதே என்று திருப்திப்படுகிறாளா? விக்கிரமசிங்கபுரம் வரும்வரைக்கும் அந்த ஒற்றை எழுத்தோடு மல்லுக்கட்டினார். ஒரு மேட்டில் அவள், "இந்தக் கால்வாய் மதகுல உக்காந்து ஒருநாள் பூரா பாக்கணும்" என்றாள். பார்க்கணும் என்றால் இனிமேல் பார்ப்பதற்கு இங்கே இருக்கப்போகிறாள். இல்லை, பார்க்காமலே போகிறோமே என்ற வருத்தமா? மண்டை காய்ந்துவிட்டது மனுஷருக்கு.

பாபநாசத்தில் கோயில் வாசலுக்கு எதிரே சைக்கிள்களை நிறுத்தினார்கள். ஆற்றில் கால் நனைத்து, படித்துறை மீனுக்குப் பொரி போட்டு, ஈரக் காலோடு உள்ளே போனார்கள். உலகம்மன் சந்நிதி முன்னால் உரலில் நாலைந்து பெண்கள் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாளும் உலக்கையை வாங்கி இரண்டு குத்துக் குத்திவிட்டு வந்தாள். பிறகு பையிலிருந்து பொட்டலங்களை எடுத்தாள். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டியிருந்தாள்.

பட்டர் வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். "நன்னா மனசுல நெனச்சுக்கோங்கோ."

தில்லைநாயகம் கண்ணை மூடினார். 'தாயே, வெள்ளை வந்தா போறோம். சிவப்பு வந்தா இங்கனயே இருக்கோம். என்னைக் கேக்காத, நீயே சொல்லு.'

தீபாராதனை முடிந்து பட்டர் ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் போட்டார். நாரைப் பிரித்தார். இலை விரிந்தது.

வெள்ளை.

யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது. சந்தோஷம் வரும் என்றுதான் காத்திருந்தார். எந்தப் பக்கமாவது ஒரு முடிவு வந்தால் சந்தோஷம்தானே? வரவில்லை. அழுகைதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

உலகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் பூவாக மலர்ந்திருந்தது. சந்நிதி என்றும் பாராமல் பல் தெரியச் சிரித்தாள்!

ஆகட்டும், புரிந்துவிட்டது. இவளுக்குப் போகத்தான் ஆசை. இத்தனை நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெற்ற மகளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், இந்த ஊரில் அடுப்பையும் என்னையும் கட்டிக்கொண்டு அழுதது போதும் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். இருபது வருஷத்தில் அவளுக்காக நான் என்ன செய்து கிழித்தேன்? தருமபுரிக்காவது கூட்டிப்போகிறேன். இப்படி ஒரு தியாகியாகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார் நம்முடைய தில்லைநாயகம்.

கோயிலிலிருந்து மலைப்பாதையில் நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தாலும் மரநிழல் இருந்தது. அவள் முன்னால், அவர் பின்னால். ஒரு திருப்பத்தில் கீழே ஆறு வெள்ளிக்கம்பியாகத் தெரிந்தது. உலகம்மாள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆபிதா வீட்டு முருங்கையில ஒரு கொம்பு கேட்டிருக்கேன். வர்ற வாரம் கொல்லையில நடணும்" என்றாள்.

வர்ற வாரம் நட்டால் காய்க்க ஒரு வருஷம் ஆகுமே! யார் தின்ன? சரி, போகிற பூரிப்பில் ஏதோ உளறுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, "மொதல்ல நான் போயி வீடு பாக்குதேன். கிணறு இருக்கிற வீடாப் பாக்குதேன். நீ பெறகு வா" என்றார்.

உலகம்மாளின் முகம் சுருங்கியது. திரும்பி விறுவிறுவென்று ஏறினாள்.

அடடா, என்ன தப்பாகச் சொன்னோம்? தன்னை முன்னாலேயே கூட்டிப்போக வேண்டும் என்கிறாளோ? ஓடிப்போய், "வேணும்னா ரெண்டு பேரும் சேந்தே போயிருவோம்" என்றார். அவள் நடையில் இன்னும் வேகம் கூடியது. "அங்க குளிரும் உண்டாம். உனக்கு ஒரு சால்வை எடுத்துக்கிடலாம்" என்றார். அவள் வழியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து டப்பென்று ஒடித்து எறிந்தாள். பூவைப் பார்த்துச் சிரித்தவள் வீட்டைச் சொன்னால் முறைக்கிறாள், சால்வையைச் சொன்னால் குச்சியை ஒடிக்கிறாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை அவருக்கு.

அருவி மட்டும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தலையில் விழுந்த தண்ணீர் அவரைக் கொஞ்சநேரம் பிடித்து உலுக்கியது. அந்த இரைச்சலுக்குள் தருமபுரியும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. பெண்கள் பக்கம் உலகம்மாள் குழந்தை மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து தலை துவட்டும்போது உடம்பு லேசாக இருந்தது. இந்தத் தண்ணீரை விட்டுப் போக வேண்டுமே என்ற நினைப்பு வந்ததும் அருவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அருவிக்கு மேலே படிக்கட்டில் ஏறிப் போனால் கல்யாண தீர்த்தம். சிவன் பார்வதியின் கல்யாணக் கோலத்தை அகத்தியர் பார்த்த இடம் என்பார்கள். ஆழமான, சத்தமில்லாத நீர். பாறை நிழலில் உட்கார்ந்து புளியோதரைத் தூக்கைத் திறந்தார்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். பசிக்கு அது தேவாமிர்தமாக இருந்தது, அவரும் வெளுத்துக்கட்டினார். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் உலகம்மாள் கேட்டாள்:

"ஒண்ணு கேக்கேன், ஒளிக்காமச் சொல்லுங்க. பூவப் பாத்ததும் உங்க மூஞ்சி ஏன் அப்படித் தொங்கிப்போச்சு?"

"என் மூஞ்சியா? என் மூஞ்சிக்கு என்ன? உன் மூஞ்சிதான் அப்படி மலர்ந்துச்சு. உனக்குப் போகணும்னு ஆசை, அம்மனும் சொல்லிட்டா, அதான் நானும்..."

"எனக்குப் போகணும்னு யாரு சொன்னா?"

"வெள்ளப் பூ வந்ததும் சிரிச்சியே!"

"எங்க வீட்டு வழக்கத்துல வெள்ளப் பூ வந்தா வேண்டாம்னு அர்த்தம்."

அவள் நிதானமாகச் சொன்னாள். "எங்க அப்பா வழியில செவப்புதான் நல்ல உத்தரவு. குங்குமம் என்ன நிறம்? செவப்பு வந்தாத்தான் ஒரு காரியத்துல கால வைப்பாவ. வெள்ள வந்தா விட்டுருவாவ."

"அப்போ... அம்மன் என்னியப் போன்னு சொன்னாளா, இருன்னு சொன்னாளா? ஒரே பூவுல ரெண்டு உத்தரவா? இதென்னட்டி கூத்து!"

"கூத்துதான். எந்தப் பூ வந்தாலும் ஒரு வீட்டுக்கு ஆமா, ஒரு வீட்டுக்கு இல்ல. உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும், உங்க அம்மா அன்னைக்குப் போட்ட சத்தத்துலயே தெரியும். எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஏன்னா நீங்க ஒருநாளும் கேக்கல."

"இதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டா பூக்கட்ட வந்த?"

"நான் பூவப் பாக்க வரல. உங்க மூஞ்சியப் பாக்க வந்தேன். 'போ'ன்னு உத்தரவு வந்துட்டுன்னு நீங்க நெனச்ச நிமிசம் உங்க மூஞ்சி எப்படி ஆவுதுன்னு பாக்கணும். பாத்தேன். செத்துப்போச்சு. உங்களுக்கும் போக மனசில்லன்னு தெரிஞ்சதும் சந்தோசம் தாங்கல, சிரிச்சேன்."

"அட ராமா! அப்ப அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

உலகம்மாளுக்கு இதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஏன் சொல்லணும்? மலை ஏறி முடியறதுக்குள்ள உங்க வாயிலருந்து வரும், வரும்னு பாக்கேன், வீடு பாக்கப் போறாவளாம், கிணறு பாக்கப் போறாவளாம், சால்வை எடுக்கப் போறாவளாம்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிய? நான் 'வேண்டாம்'னு சொன்னா நீங்க நாளைக்கே குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிக் குடுத்துருவிய. பெறகு ரிட்டயர் ஆகுற வரைக்கும், 'போஸ்ட்மாஸ்டர் ஆயிருப்பேன், எல்லாம் இவளால போச்சு'ம்பிய. வாயால சொல்லாட்டியும் மனசுக்குள்ள சொல்லுவிய. அதுக்குத்தான் உங்க இஷ்டம்னேன். உங்களுக்குன்னு ஒரு இஷ்டம் இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியணும்."

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. தாஜ் முகம்மது சொன்ன யோசனை தனக்கு ஏன் இனித்தது என்று இப்போது அவருக்கே விளங்கியது. வெட்கமாக இருந்தது. அந்தப் பழியை அவள் தலையிலோ அம்மன் தலையிலோ இறக்கிவைக்கத்தானே நாலு நாளாக அலைந்தார்!

தலையை நிமிர்த்தினார். பிறகு சொன்னார். "எனக்குப் போக மனசில்லட்டி. ஆபீஸ் கவுண்ட்டரு, இந்த ஆறு, சாயங்காலம் நீ முழங்காலத் தேச்சுக்கிட்டு வந்து நிக்கறது... எனக்கு இது போதும். போஸ்ட்மாஸ்டரு வேண்டாம். எனக்கு வேண்டாம்."

சொல்லி முடித்ததும் அப்பாடா என்று இருந்தது.

"எனக்கும்தான் வேண்டாம்" என்றாள் உலகம்மாள். தூக்கின் அடியில் மிச்சமிருந்த புளியோதரையை வழித்து அவர் கையில் வைத்தாள்.

கீழே இறங்கிச் சைக்கிளை எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோயில் வாசலில் தில்லைநாயகம் வழக்கம்போல் கல்லைத் தேடினார். உலகம்மாள் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, அவர் சைக்கிளின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஏறுங்க."

"ஏட்டி, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். ஆபிதாவுக்கு நான் பின்னால பிடிக்கலியா?"

ஏறினார். முதல் தரம் வழுக்கியது, இரண்டாம் தரம் உட்கார்ந்துவிட்டார். பொரிக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உலகம்மாள் பின்னால் பத்தடி ஓடிவந்து விட்டுவிட்டு, தன் சைக்கிளில் ஏறி அவரைப் பிடித்துவிட்டாள்.

விக்கிரமசிங்கபுரம் தாண்டி, நெல்வயலுக்கு நடுவில் ரோடு நேராக ஓடுகிற இடம். சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்த தில்லைநாயகத்துக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ரோட்டில் குதித்தே விட்டார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மைல்கல் கிடையாது, பாலம் கிடையாது. அதையெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை.

"ஏட்டி! அப்போ நம்ம கல்யாணத்துக்கு வந்ததும் வெள்ளப் பூதானே?"

முன்னால் போனவள் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தாள். இறங்கினாள். "ஆமா."

"உங்க வழக்கப்படி அம்மன் வேண்டாம்னுல்லா சொல்லியிருக்கா!"

"ஆமா."

"பெறகு எப்படி...? உங்க அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாவ. உங்க அம்மா போட்ட சத்தத்துல அவியளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்னியத் தூணுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, 'ஏட்டி, அம்மன் வேண்டாம்னுட்டா. நீ கவலப்படாத, ஊருக்குப் போயிக் கடுதாசி போட்டுப் பைய நிறுத்திப்புடுதேன்'னாவ."

தில்லைநாயகம் சைக்கிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்ன? உங்க இஷ்டம்னியா?"

"சொல்லல." உலகம்மாள் வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சிவந்திருந்தது, வெயிலா என்னவோ. "பொட்டலத்தப் பிரிச்சதும் எல்லாரும் பூவப் பாத்தாவ. நான் உங்க மூஞ்சியப் பாத்தேன். அந்த வெள்ளப் பூவப் பாத்ததும் முப்பத்திரெண்டு பல்லும் தெரியச் சிரிச்சிய. என்னியக் கட்டுறதுக்கு ஒரு மனுசனுக்கு இம்புட்டுச் சந்தோசமான்னு இருந்துச்சு. அப்பாகிட்ட, 'அம்மனுக்கு என்ன தெரியும், நான் இவியளத்தான் கட்டுவேன்'னேன்."

அம்மன் கொடுத்த கல்யாணம் என்று இருபது வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, அது அம்மன் கொடுத்தது இல்லையாம்! இதோ எதிரே தலையெல்லாம் கலைந்து, புழுதிக்காலோடு நிற்கிற இவள் கொடுத்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்து, "போதும், வாங்க. பாவா கடையப் பூட்டிருவான்" என்றாள் அவள். அடுத்த மைல்கல் வரைக்கும் இரண்டுபேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார்கள். எதிரே வந்த பழக்கக்காரர்கள் எல்லாரிடமும் தில்லைநாயகம் நின்று நின்று பேசினார்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று பேனா அதுவாகவே ஓடிவிட்டது. நிறுத்தினார். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் அதை வாங்கிப் படித்த தாஜ் முகம்மது மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்ன வே எழுதியிருக்கீரு? 'எனக்குப் போக விருப்பமில்லை'ன்னு மொட்டையா இருக்கு! காரணம் எங்க?"

"அதான் காரணம்" என்றார் தில்லைநாயகம். ஜன்னலுக்கு வெளியே மணியார்டர் அனுப்ப ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.